சர்வர் ரேக்குக்கு வயர்லெஸ் பூட்டு: பேட்டரி தீர்ந்தால் கதவு திறந்துகொள்ளுமா?

திறந்துகொள்ளாது. சர்வர் கணினிகளை அடுக்கி வைக்கும் அலமாரிக்கான இந்தப் பூட்டுகளில் தாழ்ப்பாளைப் பிடித்து வைத்திருப்பது இயந்திர அமைப்புதான், மின்சாரம் இல்லை. திறக்கும் அனுமதி அட்டையைக் காட்டும்போது மட்டும் கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன மோட்டார் அதை விடுவிக்கும். பேட்டரி தீர்ந்தால் பூட்டியபடியே நிற்கும். அவசரத்துக்குச் சாவித்துளை உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். நெட்வொர்க் போனாலும் பல மாடல்களில் அனுமதிப் பட்டியல் பூட்டுக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருப்பதால் வேலை நடக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், பேட்டரியைவிட அட்டையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் இயங்கும் அட்டைகளில் பெரும்பாலானவை ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்பவை. மலிவான கருவியால் நகலெடுத்துவிடலாம். 13.56 மெகாஹெர்ட்ஸ் என்றாலே பாதுகாப்பு என்றும் நம்பிவிடாதீர்கள். அந்த வகையைச் சேர்ந்த மைஃபேர் கிளாசிக் அட்டையின் குறியாக்கத்தை 2008லேயே நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கம் உள்ள டெஸ்ஃபயர் போன்ற அட்டைகளைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, சாதாரணச் சாவியே போதாதா? பல ரேக்குகள் ஒரே மாதிரிச் சாவியோடுதான் வருகின்றன, யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் இருக்காது. வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை உடனே நீக்கவும் முடியாது. அப்புறம், முன்கதவுக்கு மட்டும் பூட்டு போட்டுவிட்டு பின்கதவையும் பக்கத் தகடுகளையும் மறந்துவிடாதீர்கள்.