ஒரே எண், இரண்டு வாசல்

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறோம். இரண்டு நெட்வொர்க் கார்டு போட்ட பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றி, அதையே ரவுட்டராக ஓட்டுகிறோம். போன மாதம் இடியில் மோடம் போய்விட்டது. புதியதை மாட்டியதிலிருந்து ரவுட்டர் கணினியில் மட்டும் இணையம் வருகிறது. உள்ளே பில் போடும் கணினிகளுக்கும் கேமரா ரெக்கார்டருக்கும் வரவில்லை. உப்புக்காற்றில் முனை துருப்பிடித்திருக்கும் என்று கேபிளை மாற்றினேன், கார்டையும் மாற்றினேன். ஒரு கார்டில் வந்ததை மறு கார்டுக்குக் கடத்தும் ஐபி ஃபார்வர்ட் அமைப்பு 1 (இயக்கத்தில்) என்றுதான் இருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்தக் கார்டு வழி என்ற பாதை அட்டவணையைக் காட்டும் 'ஐபி ரூட்' கட்டளை தந்த மூன்று வரிகளை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கார்டுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். நம் கரையில் எது நின்றாலும் முதலில் துருவைத்தான் சந்தேகிப்போம். நானும் கீழக்கரையில் ஒரு கடையில் இதே கோளாறுக்கு மூன்று கேபிள் மாற்றியவன்.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது, மூன்றாவது வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மோடம் பக்கத்துக் கார்டான ஈத்0-க்கும் 192.168.1.0/24, அதாவது 192.168.1 என்று தொடங்கும் எண்கள் எல்லாம்; உள்பக்கத்துக் கார்டான ஈத்1-க்கும் அதே 192.168.1.0/24. முதலாவதின் மெட்ரிக் (முன்னுரிமை எண்) 100, மற்றதற்கு 101. பழைய மோடம் வேறு எண் வரிசையில் இருந்திருக்கும். புதியது வரும்போதே 192.168.1.1 என்று வந்திருக்கிறது.

உள்ளே இருக்கும் கணினியின் கோரிக்கை எந்தக் கார்டு வழியாக வந்தது என்று பாதை அட்டவணை பார்ப்பதில்லை. போய்ச் சேரவேண்டிய எண்ணை மட்டுமே பார்க்கும். இரண்டு வரி சமமாகப் பொருந்தினால் மெட்ரிக் குறைந்தது வெல்லும். பில் கணினிக்குப் போகவேண்டிய பதிலை உங்கள் ரவுட்டர் மோடம் பக்கம் அனுப்பி, அங்கே ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் 'ஐபி ரூட் கெட்' என்று அடித்து, பக்கத்தில் பில் கணினியின் எண்ணைக் கொடுங்கள். ஈத்0 என்று பதில் வரும்.

மோடத்தின் எண்ணை மாற்றுவது சுலபம். ஆனால் யாராவது அதை ரீசெட் செய்தால் பழைய கதை திரும்பும். ஆகவே உள்பக்கத்தை மாற்றுங்கள், மோடங்கள் அதிகம் தொடாத 10.77.5.0/24 போன்ற ஒன்றுக்கு. அட்டவணையில் ஒரு வரியைக் கையால் அழித்துச் சமாளிக்க வேண்டாம். கணினியை மறுபடி இயக்கியதும் அது திரும்பி வந்து நிற்கும். நெட்வொர்க் அமைப்பிலேயே மாற்றுங்கள். உள்ளே எண் வழங்கும் டிஹெச்சிபி வரிசையையும், உள்ளே இருக்கும் கணினிகளை ரவுட்டரின் எண்ணிலேயே வெளியே அனுப்பும் நாட் விதியில் பழைய எண் எழுதியிருந்தால் அதையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது, ஐஸுக்கு இப்போது அவசரமில்லை. படகு இறங்குவதற்குள் முடித்துவிடுங்கள். கேமரா ரெக்கார்டருக்கு நிலையான எண் கொடுத்திருப்பீர்கள். அதில் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, வெளியே போகும் வழியாக ரவுட்டரின் எண்ணைக் குறிக்கும் கேட்வேயை மறந்தால், கம்பெனிக்குள் படம் தெரியும், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.