காசல்ரீ கப்டன்

கேள்வி: சேமலாப நிதிப் பணத்தைப் போட்டு நானும் மச்சானும் நீர்கொழும்பில் 28 அடிப் பழைய படகொன்று வாங்கிவிட்டோம். ஜூன் மாதம் திருகோணமலைக்குக் கொண்டுபோய்ச் சுற்றுலாப் பயணிகளை ஏற்ற எண்ணம். கடலோட்டிகள் கேட்கும் கூலி கட்டுபடியாகவில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் பல வருடம் படகு ஓட்டிய மச்சான், தானே கொண்டுவருவதாகச் சொல்கிறார். விடலாமா?
- வாசகர், டிக்கோயா

பதில்: கூடாது. காசல்ரீயில் எஞ்சின் நின்றால் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு மெக்கானிக்கைத் தேடலாம். நீங்கள் சொல்லும் பயணமோ காலி, தேவேந்திரமுனை சுற்றிச் சுமார் 300 கடல் மைல். ஏழு நொட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏழு கடல் மைல், நிற்காமல் ஓடினாலும் இரண்டு நாளுக்குக் கிட்டப் பிடிக்கும். கிரிந்தைக்கு அப்பால் பாறைத்திட்டுகள் வேறு. வெள்ளைக்காரன் 1870களில் நடுக்கடலில் இரண்டு வெளிச்சவீடு கட்டியது அழகுக்காக அல்ல. மன்னார்ப் பக்கமாகக் குறுக்கே போகலாம் என்று எவராவது சொன்னால், இராமர் அணை மணல்திட்டுகளை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அதைவிடப் பெரிய பிழை, ஜூன். கிழக்கில் கடல் அடங்கிப் பயணிகள் வரும் மாதங்களில்தான் மேற்கும் தெற்கும் தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும். மண்சரிவு எச்சரிக்கைக்காக நீங்கள் வானொலியைத் திருப்பும்போது, ‘புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு’ என்று ஒன்று வாசிப்பார்களே, அது உங்கள் பாதைதான். மார்ச், ஏப்ரலில் கொண்டுபோயிருக்க வேண்டும்.

அடுத்த மார்ச் வரை பொறுப்பீர்கள் என்றால், தெற்கைச் சுற்றிப் பழகிய ஒருவரைப் பிடியுங்கள். கூலி பேசுமுன் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்கிறாரா என்று பாருங்கள். பழைய டீசல் தாங்கியின் அடியில் கிடக்கும் கசடு, அலை ஆட்டத்தில் கலங்கி வடிகட்டியை அடைத்துவிடும். எஞ்சின் நடுக்கடலில் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். தாங்கியைக் கழுவச் சொல்லி, மாற்று வடிகட்டி நாலைந்து கேட்பவர் தொழில் தெரிந்தவர். ‘எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சிரிப்பவரை அனுப்பிவிடுங்கள்.

இன்ன திகதிக்குள் சேர்த்தால் மேலதிகப் பணம் என்று மட்டும் பேசாதீர்கள். அந்த ஆசையில்தான் காற்று மாறிய பிறகும் துறைமுகத்தைவிட்டுப் புறப்படுவார்கள். காற்றுக்காகக் காத்துக்கிடக்கும் நாளுக்கும் படி உண்டு, புறப்படுவதா இல்லையா என்பது ஓட்டியின் முடிவு என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். படகுப் பதிவை அதற்கு முன்பே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இந்தப் பயணத்துக்கும் இந்த ஓட்டிக்கும் காப்புறுதி செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஜூனில்தான் வேண்டுமா? படகு கடல்வழியாகத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? லொறியில் ஏற்றினால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை. படகின் அகலம் வீதிக்கு ஒத்துவருமா, இரண்டு பக்கமும் பாரந்தூக்கி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். மச்சான் முன்சீட்டில் தாராளமாக உட்கார்ந்து வரலாம்.