மழைக்காலத்தில் குளம்பு நாறுகிறது, குதிரை நொண்டுகிறது: லாடம் அடிக்கலாமா?

பவானி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆடி மாத அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு கத்தியவாரி (குஜராத் இனம்) பெண் குதிரை வாங்கினாராம். மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், சிமெண்ட் தரையில் கட்டி வளர்க்கிறார். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து நான்கு குளம்பின் அடியிலும் கறுப்பாகச் சேறுபோல் ஒன்று வருகிறது, துர்நாற்றம் அடிக்கிறது. நான்கு நாட்களாக இடது முன்னங்காலை ஊன்றத் தயங்குகிறது. ஒருவர் பழைய இன்ஜின் ஆயில் தடவச் சொல்கிறார், இன்னொருவர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடச் சொல்கிறார். தை மாதம் ஊர்வலம் இருப்பதால் இப்போதே லாடம் அடித்துவிடலாமா என்பது கேள்வி. தீவனம் கோ-4 எனும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோதுமைத் தவிடு, கொஞ்சம் கொள்ளு.

முதலில் லாடக் கேள்விக்குப் பதில்: இப்போது வேண்டாம். அழுகல் இருக்கும் குளம்பில் லாடத்தை அடித்து மூடினால் காற்று படாது, தினமும் சுத்தம் செய்வதும் கஷ்டம். நொண்டும் காலில் ஆணி இறக்குவது அதைவிட ஆபத்து. வலி எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஆணியைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். நாற்றமும் கறுப்புக் கசிவும் நான்கு காலிலும் இருக்கிறது. நொண்டல் ஒரே காலில் இருக்கிறது. மேலாக இருக்கும் அழுகல் பொதுவாகக் குதிரையை நொண்ட வைக்காது. ஆழமாகப் போய் உயிருள்ள சதையைத் தொட்டால் வைக்கும். இல்லையென்றால் அந்த ஒரு காலில் வேறு ஏதோ நடக்கிறது: ஆணி, முள், கல் ஏதாவது குத்தியிருக்கலாம், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம்.

இன்றைக்கே மூன்று விஷயங்களைப் பாருங்கள். குதிரையை நிழலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, உள்ளங்கையால் நான்கு குளம்பின் வெளிச்சுவரையும் மாற்றி மாற்றித் தொடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாகத் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கணுவுக்குப் பின்பக்கம் உள்ளேயும் வெளியேயும் விரல் நுனிகளை லேசாக வைத்து நாடி பாருங்கள். நல்ல காலில் நாடி கிடைப்பதே சிரமம். உள்ளே அழற்சி இருக்கும் காலில் அது விரலைத் தள்ளுவதுபோல் துடிக்கும். இதைக் குதிரை நன்றாக இருக்கும் நாட்களிலேயே தொட்டுப் பழகிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் மாற்றம் புரியும். மூன்றாவது, ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து உடல் சூடு பாருங்கள். 99.5 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. இந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டு மருத்துவருக்குப் போன் செய்தால் அவர் வேலை பாதி குறையும்.

இடது குளம்பு சூடு, நாடி துடிப்பு, காலை நுனியில் மட்டும் ஊன்றுவது என்றிருந்தால் பெரும்பாலும் சீழ்க்கட்டிதான். சில குதிரைகள் எலும்பு முறிந்ததுபோல் காலைத் தரையிலேயே வைக்காது, உரிமையாளர் பயந்துபோவார். மருத்துவர் குளம்பின் அடித்தகட்டில் சரியான இடத்தைக் கண்டுபிடித்துச் சிறு வழி திறந்துவிட்டால் சீழ் வடியும், ஓரிரு நாளில் குதிரை நடக்கத் தொடங்கும். திறக்காமல் விட்டால் சீழ் தானே வழி தேடி மேலேறி, குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் உடையும். அதற்குப் பல நாட்கள் ஆகும், அதுவரை வேதனை. நீங்களே கத்தியால் தோண்ட வேண்டாம். ஆணி குத்தியிருப்பது கண்ணில் பட்டால், முடிந்தவரை பிடுங்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது எக்ஸ்-ரேயில் தெரிந்தால்தான் உள்ளே மூட்டு, தசைநார் எதையாவது தொட்டிருக்கிறதா என்று சொல்ல முடியும். பிடுங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், எடுக்கும் முன் போட்டோ எடுத்து, அந்த இடத்தைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போடுங்கள். ஓட்டை சீக்கிரம் மூடிக்கொள்ளும், பிறகு தேடினால் கிடைக்காது.

டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா? சந்தையில் வாங்கிய குதிரை என்பதால் கேட்கிறேன். வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்கு மிக எளிதில் இரையாவது குதிரைதான். காற்றுப் புகாத ஆழமான குளம்புக் காயம் அந்தக் கிருமிக்கு ஏற்ற இடம். விவரம் தெரியவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். காயம் இருந்தால் உடனடிப் பாதுகாப்புக்கான ஊசியை அவர் போடுவார். தடுப்பூசி நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. செலவு அதிகமில்லை. வந்த பிறகு காப்பாற்றுவதுதான் மிகக் கடினம்.

மருந்துக் கடையில் கேட்டு வலி ஊசி வாங்கிப் போடாதீர்கள். வலி மறைந்தால் குதிரை நோயுள்ள காலை ஊன்றி இன்னும் கெடுத்துக்கொள்ளும். அதிலும் டைக்ளோஃபினாக் 2006 முதல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து. அது போட்ட விலங்கின் உடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததே அதற்குக் காரணம். தமிழ்நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் ஒருகாலத்தில் நிறைய இருந்தன. இப்போது முதுமலை, மாயாறு பக்கம் போனால்தான் பார்க்க முடிகிறது.

சரி, அழுகலுக்கு வருவோம். குளம்பைத் தூக்கிப் பார்த்தால் பின்பக்கத்திலிருந்து முன்னே கூம்பி வரும் முக்கோணப் பகுதி ஒன்று ரப்பர்போல் மெத்தென்று இருக்கும். மருத்துவர்கள் ஃப்ராக் என்பார்கள். அதன் இருபுறமும் நடுவிலும் பள்ளங்கள் இருக்கின்றன. சாணமும் மூத்திரமும் கலந்த ஈரம் அந்தப் பள்ளங்களில் அடைத்துக்கொண்டால், காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா பெருகி ஃப்ராக்கைத் தின்னத் தொடங்கும். ஃபூசோபாக்டீரியம் அதில் முக்கியமானது. காற்று பட்டால் அது வாழாது. சிகிச்சை முழுவதும் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் வருகிறது: பள்ளத்தைத் திற, சுத்தம் செய், உலர விடு.

இன்ஜின் ஆயில் இதற்கு நேர் எதிர். ஈரத்தையும் கிருமியையும் உள்ளே வைத்து மேலே படலம் போடுகிறது, சுற்றியுள்ள தோலையும் புண்ணாக்குகிறது. காய்ச்சிய கம்பி உயிருள்ள சதையைச் சுட்டுவிடும். பிறகு அந்தக் குதிரை காலைத் தூக்கவே விடாது. ஃபார்மலினும் நீர்க்காத பினாயிலும் அதே வகைதான். இவை எதுவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. குளம்பு சுரண்டும் கொக்கியால் தினம் இரண்டு வேளை, குதிகால் பக்கமிருந்து நுனியை நோக்கிச் சுரண்டுங்கள். பிய்ந்து தொங்கும் ஃப்ராக் துணுக்குகளை மருத்துவரோ நல்ல லாடக்காரரோ சீவி எடுக்கட்டும், அவற்றின் அடியில்தான் கிருமி ஒளிந்திருக்கும். முதல் நாள் ஒருமுறை பிரஷ் போட்டுக் கழுவி, துணியால் முழுவதும் துடைத்துவிடுங்கள். அதன்பிறகு தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், உலர்ந்த பிரஷ் போதும். நீர்த்த போவிடோன் அயோடின் கரைசலில் பஞ்சை நனைத்துப் பள்ளங்களில் ஒற்றுங்கள். நடுப்பள்ளம் ஆழமாக, விரல் நுனி இறங்கும் அளவுக்கு இருந்தால், நனைத்த பஞ்சைத் தளர்வாக வைத்துத் தினமும் மாற்றுங்கள். மயில்துத்தம் தடவும் பழக்கம் பலரிடம் உண்டு. சதை தெரியும் புண்ணில் அதைத் தொடவே கூடாது, எரித்துவிடும். இரண்டு வாரத்தில் நாற்றம் போய், ஃப்ராக் உலர்ந்து கெட்டியாக வேண்டும். அப்படி ஆகாவிட்டால், அல்லது தொட்டதும் ரத்தம் கசிந்தால், அது வீட்டில் பார்க்கும் விஷயமல்ல.

ஆனால் கொட்டகையை மாற்றாமல் இதெல்லாம் செய்தால் மார்கழியிலும் இதே கடிதத்தை எழுதுவீர்கள். மாட்டுக் கொட்டகையைக் காலையும் மாலையும் பைப் போட்டுக் கழுவுவது வழக்கம். மாட்டுக்கு அது சரி. குதிரைக்கு அது நாள் முழுதும் ஈரத்தில் நிற்பது. தனி இடம் கொடுங்கள். கூரைத் தண்ணீர் உள்ளே வராதபடி இரண்டடி தள்ளி வடிகால் வெட்டுங்கள். தரையைச் சுற்றியுள்ள நிலத்தைவிட அரையடி உயர்த்துங்கள். சிமெண்ட் தரைமேல் மரத்தூளோ உலர்ந்த வைக்கோலோ கெட்டியாகப் போட்டு, நனைந்த இடத்தை மட்டும் தினமும் அள்ளி எடுங்கள். ஆற்று மணல் போட்டால் நன்றாக வடியும், ஆனால் மணல்மேல் தீவனத்தைக் கொட்டக் கூடாது. புல்லோடு மணலையும் தின்று, அது குடலில் சேர்ந்து வயிற்று வலி வரும். தொட்டியில் போடுங்கள். அப்புறம், கட்டியே வைக்காதீர்கள். மழை விட்ட நேரத்தில் மேட்டு நிலத்தில் நடக்க விடுங்கள். நடக்கும்போதுதான் ஃப்ராக் அழுந்தி விரிந்து அதில் அடைந்திருப்பது உதிரும், காலுக்கு ரத்த ஓட்டமும் சீராகும்.

தீவனத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் அழுகலைவிடக் கவலையாக இருக்கிறது. கோ-4 மாட்டுக்கு அருமையான புல். ஆனால் அதில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிட ஏறக்குறைய பத்து மடங்கு பாஸ்பரஸ். இரண்டையும் மாதக்கணக்கில் கொடுத்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். ஒருநாள் ஒரு கால், மறுநாள் வேறு கால் என்று நொண்டல் மாறும், பிறகு முகத்தின் இருபுறமும் எலும்பு பருக்கும். நீங்கள் குதிரை வாங்கி ஐந்து மாதம்கூட ஆகாததால் இப்போதே மாற்றிவிடலாம். தவிட்டை நிறுத்துங்கள். கோ-4-ஐப் படிப்படியாகப் பாதிக்குக் கீழே குறைத்து, அருகம்புல், பூஞ்சை பிடிக்காத நிலக்கடலைக் கொடி, கொஞ்சம் குதிரைமசால் சேருங்கள். உங்கள் பகுதியில் கடலைக்கொடிக்குப் பஞ்சமில்லை. தாது உப்பு எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். கோழித் தீவனம் மட்டும் வாய்க்குப் போகக் கூடாது. அதில் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்து சிறிதளவே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். கோழிப்பண்ணை நிறைந்த பகுதியில் மூட்டை மாறிப்போவது நடக்கக்கூடியதுதான், அதனால் தனி அறையில் வையுங்கள்.

மாட்டுப் பொங்கல் வருகிறது. பாசத்தில் குதிரைக்கும் ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கல், ஒரு சீப்பு வாழைப்பழம், கூடுதல் கொள்ளு என்று கொடுத்துவிடுவார்கள். பழக்கமில்லாத மாவுச்சத்து பின்குடலில் புளித்தால், ஓரிரு நாள் கழித்துக் குளம்பின் சுவரையும் உள் எலும்பையும் பிணைத்திருக்கும் அடுக்குகள் வீங்கும். லாமினைட்டிஸ் என்பது இதுதான். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும், திரும்ப மறுக்கும். அப்படிக் கண்டால் காத்திருக்காதீர்கள். தானியத்தை நிறுத்தி, இரண்டு முன் குளம்புகளையும் ஐஸ் தண்ணீரில் நிற்க வைத்து, உடனே மருத்துவரை அழையுங்கள். நடக்க வைக்காதீர்கள்.

இனி லாடம். மண் தரையில் மேயும் குதிரைக்கு லாடம் தேவையே இல்லை. தார் ரோட்டில் ஆட்டமும் ஊர்வலமும் என்றால் தேவைப்படும். மாட்டுக்கு லாடம் அடிப்பவரை வைத்துக் குதிரைக்கு அடிக்காதீர்கள். மாட்டுக்குப் பிளந்த குளம்பு, இரண்டு தனித்தகடு, படுக்க வைத்துக் கட்டி அடிப்பார்கள். குதிரைக்கு நின்றபடி, ஒற்றைக் குளம்பைச் சமமாகச் சீவி, கணுவின் சரிவும் குளம்பின் சரிவும் ஒரே கோட்டில் வரச் செய்து, ஆணி வெள்ளைக் கோட்டுக்கு (அடியில் சுவரும் அடித்தகடும் சேரும் கோடு) வெளியே உயிரற்ற சுவரில் மட்டும் இறங்க வேண்டும். அந்தச் சுவர் நம் நகம்போலத்தான், மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். அதனால் லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவியே ஆக வேண்டும். சுவர் உதிர்ந்து வெடிக்கும் குதிரைக்குத் தினம் 15 முதல் 20 மில்லிகிராம் பயோட்டின் உதவும். புதிதாக வளரும் குளம்பில்தான் பலன் தெரியும் என்பதால் ஆறேழு மாதம் பொறுக்க வேண்டும்.

உங்கள் ஊர் கால்நடை மருத்துவமனையில் குதிரை பார்த்துப் பழக்கம் குறைவு என்றால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான். குதிரை ஊன்றவே முடியாமல் இருந்தால் வண்டியில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம், கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைத்துக் கேளுங்கள்.

தை ஊர்வலத்துக்கு இன்னும் ஆறேழு வாரம் இருக்கிறது. நொண்டல் நின்று, ஃப்ராக் உலர்ந்த பிறகு குதிரையை மண்ணிலும், அப்புறம் கெட்டித் தரையிலும் கயிற்றில் பிடித்து நேராக ஓட விடுங்கள். தலை ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் ஆடினால் வலி இன்னும் இருக்கிறது. ஆடாவிட்டால், ஊர்வலத்துக்குப் பத்து நாள் முன்பு லாடம் அடியுங்கள். முந்தின நாள் அடித்தால், ஆணி தப்பாக இறங்கியிருப்பது ஊர்வலத்தின் நடுவில்தான் தெரியவரும்.