வாக்குச்சீட்டில் உள்ளடி வேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சங்கத் தலைவர் பதவிக்கு 3 பேர் போட்டி. முதலிடத்துக்கு 2, அடுத்ததற்கு 1, கடைசிக்கு 0 என மதிப்பெண் போட்டுக் கூட்டலாம் என்கிறார்கள். இதில் தந்திரம் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. இது போர்டா முறை. தந்திரத்துக்கு மிகச் சுலபமாக இடம்கொடுக்கும் முறைகளில் ஒன்று. வேட்பாளர்கள் க, ச, த; வாக்காளர்கள் 100 பேர் என்று கொள்வோம். 48 பேரின் வரிசை க, ச, த. 47 பேருக்கு ச, க, த. மீதி 5 பேருக்கு த, க, ச. மனதில் உள்ளபடி எழுதினால் க 148, ச 142, த 10. இப்போது ச அணியில் 7 பேர் மட்டும் க-வைக் கடைசிக்குத் தள்ளி, த-வை நடுவில் ஏற்றட்டும். க 141-க்கு இறங்கும், ச ஜெயித்துவிடுவார்.

சிக்கல் என்னவென்றால், இதே யோசனை எதிரணிக்கும் வரும். இரு பக்கமும் முழுக்க இப்படிச் செய்தால் க 101, ச 94, த 105. 95 பேர் வேண்டவே வேண்டாம் என்றவர் தலைவர்!

கேள்வி: கடைசி ஆளை நீக்கி, அவர் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றும் முறை பாதுகாப்பானதா?

பதில்: மேற்சொன்ன தந்திரம் அதில் எடுபடாது. உங்கள் முதல் விருப்பம் களத்தில் இருக்கும்வரை கீழே எழுதியதை எண்ணுவதில்லை. பலவீனம் வேறிடத்தில். அமெரிக்காவின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலில் (2009) முதல் விருப்பத்தில் முந்தியவர் ரைட், இறுதியில் வென்றவர் கிஸ். நேருக்கு நேர் நின்றால் இருவரையும் வென்றிருக்கக்கூடிய மான்ட்ரோல் அதற்கு முந்தைய சுற்றிலேயே நீக்கப்பட்டுவிட்டார். ரைட் ஆதரவாளர்களில் கணிசமானோர் மான்ட்ரோலுக்கு முதலிடம் தந்திருந்தால் கிஸ் வந்திருக்க மாட்டார். ஆனால் அதற்கு வாக்கு நிலவரம் முன்கூட்டியே தெரிய வேண்டுமே!

கேள்வி: வேட்பாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டால்?

பதில்: சொன்னபடி நடந்தார்களா என்று சரிபார்க்க வழியிருந்தால்தான் அப்படிப்பட்ட பேரம் நிற்கும். ஆஸ்திரேலிய செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தலில் தங்களுக்கு விழும் வாக்குகள் அடுத்தடுத்து யாருக்குப் போக வேண்டும் என்ற விருப்ப வரிசையைக் கட்சிகளே முன்கூட்டிப் பதிவுசெய்யலாம் என்றிருந்தது; ஒளிவுமறைவு இல்லாததால் பேரம் சுலபம். 2013-ல் விக்டோரியாவில் 0.51 சதவீத முதல் விருப்ப வாக்கு வாங்கிய கட்சிக்கு ஓர் இடம் கிடைத்தது. 2016-ல் அந்த ஏற்பாட்டை நீக்கினார்கள்.

ரகசிய வாக்கெடுப்பிலும், சீட்டுகளை அப்படியே வெளியிட்டால், சரிபார்க்க ஒரு வழி உண்டு. 10 வேட்பாளர்களில் முதலிடம் போக மற்றவர்களை 3,62,880 விதமாக அடுக்கலாம். வாக்கை விலைக்கு வாங்குபவர் ஆளுக்கொரு வரிசையை அடையாளமாகச் சொல்லிவிட்டு, வெளியான சீட்டுகளில் தேடிப்பார்ப்பார். எனவே 3 இடங்களோடு வரிசையை நிறுத்துங்கள். அது 72 ஆகச் சுருங்கும். சீட்டுகளை முகவர்கள் முன்னிலையில் எண்ணி, சுற்றுவாரி மொத்தங்களை மட்டும் வெளியிடுங்கள்.