ஸ்கூபா ஃபின்ஸ்: எந்தக் கடலுக்கு எது, எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வரும் மே மாதம் நிலாவெளியில் ஸ்கூபா (காற்றுக் கலனோடு சுழியோடும்) பயிற்சியில் சேர இருக்கிறேன். கடையில் குதிகாலையும் மூடும் ஃபின்ஸ் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு) மலிவாகவும், பின்னால் பட்டி உள்ளது ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையிலும் இருக்கிறது. எதை வாங்கலாம்?
(வாசகி, ஹட்டன்)

பதில்: பயிற்சி முடியும்வரை எதையும் வாங்காதீர்கள். பயிற்சிக் கட்டணத்தில் ஃபின்ஸும் அடங்குமா என்று முதலில் கேளுங்கள், பெரும்பாலும் அடங்கும். அங்கேயே இரண்டு வகையையும் போட்டு நீந்திப் பார்த்து, காலுக்குச் சரியாக வந்ததன் பெயரையும் சைஸையும் குறித்துக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.

குதிகாலை மூடும் வகையை வெறுங்காலில் சப்பாத்து மாதிரிப் போடுவார்கள். பாரம் குறைவு, பையில் அடங்கும். கிழக்குக் கடலின் வெதுவெதுப்பான தண்ணீரில் படகிலிருந்து இறங்கிப் படகிலேயே ஏறுவதானால் இது போதும். புறாத்தீவைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த பவளத் திட்டுகளுக்குப் பெரிய ஃபின்ஸ் தேவையில்லை. ஆனால் கரையிலிருந்து நடந்து இறங்கும் இடங்களில் கூரான பாறையும் உடைந்த பவளமும் காலைக் கிழிக்கும். அங்கே அடித்தோல் தடித்த நியோபிரீன் (நுரை இறப்பர்) பூட்ஸும், அதன்மேல் போடும் பட்டி வகையும்தான் சரி.

பட்டி வகையை வாங்கும்போது சப்பாத்து சைஸைச் சொல்லி வாங்கவே கூடாது. உங்கள் பூட்ஸைக் கடைக்குக் கொண்டுபோய் அதோடு போட்டுப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் பூட்ஸுக்குப் பொருந்திய ஃபின்ஸ் 5 மில்லிமீட்டர் பூட்ஸுக்கு இறுகிவிடும். பட்டியில் இறப்பரைவிட ஸ்டீல் ஸ்பிரிங் நல்லது. இறப்பர்ப் பட்டி வெடித்து அறும். ஆடும் படகில் கொக்கியை இழுத்து இறுக்கிக்கொண்டிருப்பதும் சிரமம்.

மூடிய வகையை மாலையில் போட்டுப் பாருங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்; அப்போது பொருந்தினால்தான் பொருத்தம். போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பக்கத்தைத் தூக்குங்கள். குதிகால் நழுவினால் பெரிது. விரல்கள் மடங்கினாலோ பாதத்தின் மேற்புறம் அழுத்தினாலோ சிறிது. ஐந்து நிமிடம் கழற்றாமல் இருங்கள், மரத்துப்போனால் வேண்டாம். கடைக்காரர் "பாவிக்கப் பாவிக்க இளகும்" என்பார். பாதம் நுழையும் பகுதி அப்படி இளகாது, தோலைத்தான் உரிக்கும். மெல்லிய நியோபிரீன் மேஸ் போடும் எண்ணம் இருந்தால் அதோடு சேர்த்தே அளவு பாருங்கள்.

கேள்வி: நவம்பருக்குப் பிறகு ஹிக்கடுவையிலும் கொழும்புக் கடலில் மூழ்கிய கப்பல்களிலும் இறங்க விரும்புகிறேன். நடுவில் பிளவுபட்ட ஃபின்ஸ் வேகமாகப் போகும் என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: கால்களைச் சிறு சிறு வீச்சாக மேலும் கீழும் அடிப்பவருக்கு அது சுகமானது, முழங்கால் நோவு உள்ளவர்களும் அதை விரும்புவார்கள். கப்பல் சிதைவுக்கு மட்டும் நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். சிதைவுகளில் மீன்பிடி வலையும் நூலும் சிக்கிக் கிடக்கும்; அந்தப் பிளவு நூலைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியமான காரணம் சேறு. கப்பலின் தளத்திலும் உள்ளேயும் வண்டல் படிந்திருக்கும். காலை மேலும் கீழும் அடித்தால் அது கிளம்பி, கை நீட்டினால் கை தெரியாது. தவளை நீந்துவதுபோல் முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் தள்ளினால் தண்ணீர் பின்னால் போகும், அடிமண் கலங்காது. அதற்குக் குட்டையாக, அகலமாக, விறைப்பாக உள்ள, பிளவில்லாத தட்டை ஃபின்ஸ்தான் வேண்டும். பின்னோக்கி நகரவும் அதுவே உதவும்.

நீரோட்டம் பலமான இடத்திலும் விறைப்பானதே நல்லது. தொளதொளப்பானது வளைந்து கொடுக்குமே தவிரத் தள்ளாது. அதற்காகக் கடையில் இருப்பதிலேயே விறைப்பானதைத் தூக்கி வராதீர்கள். மலையேறிப் பழகிய காலாக இருந்தாலும் இங்கே வேலை வேறு: அசைவு இடுப்பிலிருந்து வரவேண்டும். புதியவர்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கி அடிப்பதால், விறைத்த ஃபின்ஸில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். பிடித்தால் ஃபின்ஸின் நுனியைக் கையால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து, முழங்காலை நீட்டுங்கள். தொடக்கத்தில் நடுத்தர விறைப்பே போதும்.

முழு இறப்பர் ஃபின்ஸ் வாங்க நினைத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அது தண்ணீரில் தாழும். நம் கடலுக்குப் போடும் மெல்லிய உடை காலைத் தூக்கிப் பிடிக்காது. பாரமான ஃபின்ஸும் சேர்ந்தால் கால் தொங்கி, உடல் சாய்ந்து, கலனில் உள்ள காற்று வீணாகும். கால் மேலே மிதக்கும் சுபாவம் உள்ளவருக்கு அதே பாரம் உதவி.

மூச்சடக்கிச் சுழியோடுபவர்களின் நீண்ட ஃபின்ஸ் அழகாகத்தான் இருக்கும். பவளத்தருகே திரும்பும்போது அதன் நுனி எதில் படுகிறது என்று உங்களுக்கே தெரியாது. ஸ்கூபாவுக்கு வேண்டாம்.

கேள்வி: மட்டக்களப்பில் உள்ள ஹெர்மிஸ் கப்பலுக்கு எந்த ஃபின்ஸ்?
(வாசகர், பதுளை)

பதில்: 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய அந்த விமானந்தாங்கி 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கான எல்லை 40 மீட்டர். உரிய தொழில்நுட்பப் பயிற்சியை முடித்த பிறகு கேளுங்கள். அதற்குள் உங்கள் காலுக்கு எது சரி என்று நீங்களே அறிந்திருப்பீர்கள்.

கேள்வி: நுவரெலியாவில் வசிக்கிறோம். ஒருமுறை பாவித்த ஃபின்ஸில் பூஞ்சணம் பிடித்து, பட்டியும் வெடித்துவிட்டது. எப்படி வைப்பது? பழையது வாங்கினால் எதைப் பார்ப்பது?

பதில்: பூஞ்சணத்துக்குக் காரணம் ஈரத்தோடு பையில் கட்டி வைத்ததுதான். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, கொக்கிக்குள் உள்ள மணலையும் உப்பையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் காயட்டும். மூடுபனிக் காலத்தில் இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் இறப்பர் விறைத்து வெடிக்கும். வாங்கும்போது உள்ளே இருந்த பிளாஸ்டிக் பாத அச்சை எறியாமல் திரும்பப் போட்டு, படுக்கையாக வையுங்கள். நுனியில் நிறுத்தி வைத்தால் தகடு (தண்ணீரைத் தள்ளும் அகன்ற பகுதி) வளைந்து, பிறகு நிமிராது.

பழையதில் பட்டியை மடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் பட்டி மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள். பாதப் பகுதியும் தகடும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். அங்கே வெடிப்பு இருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுழியோடிய பிறகு நுவரெலியாவுக்கு ஏறுவது விமானத்தில் ஏறுவதற்குச் சமம். ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உடலில் கரைந்த நைதரசன் காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கலாம். கடலில் ஒரே ஒரு சாதாரண இறக்கம் என்றால் குறைந்தது 12 மணித்தியாலம், பல இறக்கங்கள் என்றால் 18 மணித்தியாலம் தாழ்வான இடத்தில் காத்திருங்கள். காலையில் திருகோணமலையில் இறங்கி, அன்றிரவே றம்பொடை வழியாக வீடு வந்து சேரும் திட்டம் வேண்டாம். கடைசி நாளைக் கடற்கரைக்கு ஒதுக்குங்கள். ஹட்டன், பண்டாரவளை வாசகர்களுக்கும் இதே கணக்குத்தான்.

கேள்வி: ஒன்லைனில் வாங்கிய புது ஃபின்ஸ் இரண்டாம் இறக்கத்திலேயே தகட்டில் வெடித்தது. "விற்ற பொருள் மாற்றப்படாது" என்கிறார்கள்.
(வாசகர், தலவாக்கலை)

பதில்: சைஸைப் பிழையாகத் தெரிவு செய்தது வேறு, பொருளில் குறை இருப்பது வேறு. உங்களுடையது இரண்டாவது. வெடிப்பைக் கிட்டத்தில் படம் எடுங்கள். பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், பணம் செலுத்திய சான்று எல்லாவற்றையும் சேர்த்து, மாற்றித் தருமாறு திகதியிட்டு விற்பனையாளருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம்; 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அது போய்ச் சேரவேண்டும். விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்தை அழையுங்கள். வெடித்த ஃபின்ஸைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒட்டிய பிறகு குறை யாருடையது என்று நிரூபிக்க முடியாது.