ஏழை மாணவர்களுக்கான கல்வி உதவி பலன் தருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: அவிநாசிப் பக்கம் சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். அரசு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குக் கட்டணமும் புத்தகச் செலவும் தருகிறோம். பலன் இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் வணிகவியல் நடத்தியவன் நான். உதவி வாங்கிப் படித்து முடித்தவர்களையும், வாங்கியும் பாதியில் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பட்டியலை எடுங்கள். 100 பேரைச் சேர்த்தீர்கள், நடுவில் 40 பேர் நின்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் பெயரை அடித்துவிட்டு, மீதி 60 பேரில் 54 பேர் பாஸ், 90 சதவீதம் என்று ஆண்டறிக்கையில் போடுவது பல இடங்களில் வழக்கம். உண்மைக் கணக்கு 54 சதவீதம். பாதியில் நிற்கக் கூடாது என்றுதானே உதவியையே ஆரம்பித்தீர்கள்? முதல் நாள் சேர்ந்த அத்தனை பேரும் கடைசிவரை கணக்கில் இருக்க வேண்டும்.

போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தைக் கோவையில் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்த பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022லிருந்தே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் கவலை வந்தது. ஆர்டர் குவிந்தால் பையன் படிப்பை விட்டு கம்பெனிக்குப் போகிறான். ஆர்டர் குறைந்தால் அப்பாவுக்கு ஷிப்ட் குறைந்து வீடு தள்ளாடுகிறது. இதில் உங்கள் பணத்தின் பங்கு எது?

அதைப் பிரித்துக் காட்டுவது குலுக்கல்தான். இருக்கிற இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்தால், தகுதியுள்ளவர்களிடையே சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். கிடைத்தவர், கிடைக்காதவர் இருவரையும் மூன்று வருஷம் கவனியுங்கள். சிபாரிசுக்கும் அங்கே வேலையில்லை.

டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் ‘ஸ்டே தி கோர்ஸ்’ திட்டத்தை இப்படித்தான் சோதித்தார்கள். டாரன்ட் கவுண்டி கல்லூரியின் வசதியில்லாத மாணவர்களைக் குலுக்கலில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சமூகப் பணியாளர் ஒருவரின் துணையும் அவசரப் பணமும். இன்னொன்றுக்கு அவசரப் பணம் மட்டும். மூன்றாவதுக்கு வழக்கமாகக் கல்லூரியில் கிடைப்பது மட்டும். ஆறு செமஸ்டர் கழித்துப் பார்த்தால், ஆள் துணை கிடைத்த பெண்கள் படிப்பை முடிப்பது தெளிவாகக் கூடியிருந்தது. ஆண்களிடம் அந்த மாற்றம் இல்லை. பணம் மட்டும் வாங்கியவர்களுக்கும் எதுவும் வாங்காதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நியூயார்க்கில் 2007இல் தொடங்கிய ஏசாப் திட்டத்தில் கட்டணம், புத்தகம், பயண அட்டையோடு அடிக்கடி சந்திக்கும் ஆலோசகரும் உண்டு. அங்கே நடந்த குலுக்கல் ஆய்வில் மூன்று வருஷத்தில் பட்டம் முடித்தவர்கள் 40 சதவீதம். திட்டத்தில் இடம் கிடைக்காதவர்களில் 22.

பணத்தோடு ஆள் துணையும் வேண்டும் என்று நான் நம்புவதற்குக் காரணம் என் வகுப்புப் பையன் ஒருவன். தேர்வுக் கட்டணத்தை ஒரு டிரஸ்ட் கட்டிவிட்டது. அப்பாவுக்குக் கை முறிந்ததால் ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டியது இவன். காலை வகுப்புகள் தவறிப்போய், வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. “ஃபீஸ் கட்டியாச்சுங்க சார், ஹால் டிக்கெட்தான் தரமாட்டீங்கறாங்க” என்று வந்து நின்றான். டிரஸ்டைச் சேர்ந்த ஓர் அம்மா தறி ஓனரைப் பார்த்துப் பேசி ஷிப்டை மாற்றினார், துறைத் தலைவரிடமும் வந்து பேசினார். பையன் பரீட்சை எழுதினான். டிரஸ்டின் கணக்கில் கட்டணம் மட்டும்தான் ஏறியது. அந்த அம்மாவின் அலைச்சல் எங்கேயும் ஏறவில்லை. ஆகவே யார், எதற்காக, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

சேரும்போதே பதிவு எண்ணையும், தேர்வு முடிவைப் பார்ப்பதற்கான சம்மதத்தையும் வாங்குங்கள். பையனின் செல் நம்பர் அடிக்கடி மாறும். அம்மா நம்பரும் மாமா நம்பரும் வேண்டும். செமஸ்டருக்கு ஒருமுறை வருகைப் பதிவு, அரியர் எண்ணிக்கை, படிப்பில் இருக்கிறாரா என்று மூன்றைக் குறித்தால் போதும்.

குலுக்கலில் விழாத பிள்ளைக்கு அநியாயம் இல்லையா என்று கேட்பார்கள். எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இருந்தால் குலுக்கவே கூடாது, கொடுத்துவிட வேண்டும். பணம் பற்றாதபோது யாருக்கோ கிடைக்கப் போவதில்லை. அதைத் தெரிந்தவர் சொல் தீர்மானிப்பதைவிடச் சீட்டு தீர்மானிப்பது நியாயம்.

விண்ணப்பமே 20, 30 தான் வருகிறதென்றால் உங்கள் ஒரு டிரஸ்டின் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஈரோடு, கோபி, பல்லடம் பக்கம் இதே வேலை செய்பவர்களோடு பேசி, ஒரே படிவம், ஒரே நோட்டு என்று சேர்ந்து தொடங்குங்கள்.