பொய்ச் செய்தி இவ்வளவு பரவுகிற காலத்தில், ஓட்டுப் போட உச்ச வயது வரம்பு வைக்கலாமா?

வேண்டாம். ஆனால் இப்படிக் கேட்கத் தோன்றுவது எனக்குப் புரிகிறது, ஏனென்றால் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் விடிவதற்கு முன்பே பூப்படத்தோடு ஒரு காலை வணக்கம் வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நாலு புரளியும் வரும். அனுப்புவது பெரியப்பா. திருமங்கலம் பக்கம் ஊர், வயது எழுபத்தாறு.

2016 நவம்பரில், புது 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, மண்ணுக்குள் புதைத்தாலும் சாட்டிலைட் காட்டிக் கொடுத்துவிடும் என்று ஒரு கதை ஓடியதே, எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தது பெரியப்பா இல்லை, நான்தான். அப்போது இன்ஜினியரிங் முடித்திருந்தேன், அதுவும் எலக்ட்ரானிக்ஸ். ஏடிஎம் வரிசையில் நின்று நொந்து வந்திருந்த பெரியப்பா, "சிப்பு இருக்கட்டும்டா, இதுக்கு எவன் சில்லறை தருவான், அதைச் சொல்லு" என்றார்.

அமெரிக்காவில் 2016 தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக்கில் பொய்ச் செய்தி பகிர்ந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. 65 வயதைத் தாண்டியவர்கள் இளைஞர்களைவிடக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு பகிர்ந்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்த வயதுக்காரர்களிலேயே பத்தில் ஒன்பது பேர் ஒன்றைக்கூடப் பகிரவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அப்புறம் 2018-இல் பிள்ளை பிடிக்கிற கும்பல் என்ற வாட்ஸப் வதந்தியில் போளூர் பக்கம் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம். அங்கே கை ஓங்கியவர்கள் எல்லாம் கிழவர்களா என்ன?

இன்னொன்று, ஃபார்வர்டு வேறு, ஓட்டு வேறு. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று எங்கள் ஊர் பெயரிலேயே ஒரு சொல் கிளம்பியது, அப்போது வாட்ஸப்பே கிடையாது. கவர் கொடுத்தவன் வயதா பார்த்தான்?

அரசியலமைப்பின் 326-வது பிரிவு 18 வயதானவர்களுக்கு ஓட்டுரிமை தருகிறது (1989 வரை அது 21). அதை மறுக்க அங்கே சொல்லியிருக்கும் காரணங்கள் குடியிருப்பு, மனநிலை, குற்றம், தேர்தல் முறைகேடு, இவ்வளவுதான். புரளியை நம்புவதையும் அதில் சேர்த்தால் முதலில் என் பெயரைத்தான் அடிக்க வேண்டும்.

2024 ஏப்ரலில் அந்த வெயிலில் பெரியப்பாவைப் பைக்கில் கூட்டிப்போனேன். சாயங்காலமே குரூப்பில், எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒரே சின்னத்தில்தான் விழுகிறதாம் என்று ஒரு வீடியோ போட்டார். "பெரியப்பா, ஓட்டு எந்தச் சின்னத்துக்கு விழுந்துச்சுன்னு காட்டுற சீட்டு ஏழு செகண்ட் தெரியுமே, பாத்தீங்கள்ல?" என்று கேட்டேன்.

"பாத்தேன்டா, எனக்குச் சரியாத்தான் விழுந்துச்சு. மத்தவங்களுக்கு எப்படின்னு எனக்கென்ன தெரியும்" என்றார்.